பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையும் முதல் சிகரட்டும்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகி, பின்னர் வெட்டுப்புள்ளியும் வெளியாகி, "பிள்ளை கெம்பஸுக்கு எடுபட்டுவிட்டார்" என்ற செய்தி வந்து சேர்ந்தால் அந்த வீட்டில் அன்று பெருநாள்தான். சாச்சிமார், மாமிமார், பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதன் பிறகு உம்மாமாரின் கேள்விகள் தொடங்கும். விடுதி கிடைக்குமா? ஹலாலான சாப்பாட்டுக்கு என்ன வழி? ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? பகிடிவதை கடுமையாக இருக்குமா? மகள் என்றால், மாலை விரிவுரை முடிந்து விடுதிக்குத் திரும்பும் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா? இவை அனைத்தும் நியாயமான கேள்விகள். கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு கேள்வி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்த வளாகத்தில் சிகரட் குடிக்க இடமுண்டா, இல்லையா என்பதே அது. "இதையெல்லாம் போய்க் கேட்பதா? குடிக்கிறவன் எங்கேயும் குடிப்பான், குடிக்காதவன் எங்கேயும் குடிக்கமாட்டான்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த நினைப்பில்தான் தவறு இருக்கிறது. அதை விளக்கவே இம்மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது சிகரட்டின் வயது

சிகரட்டுக்கு அடிமைப்பட்ட ஒருவரைப் பார்த்து, "எந்த வயதில் தொடங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாற்பது வயதில், நன்றாக யோசித்துத்தான் தொடங்கினேன்" என்று சொல்பவரைக் காண்பது அரிது. 2012 இல் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரி வெளியிட்ட அறிக்கை இதை எண்களில் சொல்கிறது. அந்நாட்டில் நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் 18 வயதுக்குள்ளேயே முதல் சிகரட்டைத் தொட்டவர்கள். 26 வயதுக்குள் தொட்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர். இதன் பொருளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். 26 வயதுவரை ஒருவரைக் காப்பாற்றிவிட்டால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் காப்பாற்றியாயிற்று!

நம் நாட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் கால் வைப்பது இருபது, இருபத்தொரு வயதில். வெளியேறுவது இருபத்தைந்துக்கு முன்பின்னாக. பாடசாலைக் காலத்தில் தப்பி வந்த பிள்ளைக்கு இதுவே கடைசிக் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் கரை சேர்ந்தமாதிரி.

ஏன் இந்த வயது இவ்வளவு பலவீனமானது? புகையிலையில் நிக்கொட்டின் என்றொரு பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த பத்து வினாடி அளவில் அது மூளையைப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒருவகை இன்ப உணர்வைத் தூண்டிவிட்டுச் சிறிது நேரத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கியதும் மனம் மீண்டும் அதைக் கேட்கிறது. மனித மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்து பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஈரமான சீமெந்தில் பதிந்த காலடி, சீமெந்து காய்ந்த பிறகும் அழியாது. இளம் மூளையில் பதிந்த பழக்கமும் அப்படித்தான்.

வீட்டை விட்டுப் பிரிந்த தனிமை, பரீட்சைப் பயம், அறைத் தோழர்களோடு ஒட்டிப்போக வேண்டும் என்ற ஆசை, சீனியர் ஒருவர் நீட்டினால் மறுக்க முடியாத கூச்சம் எல்லாம் சேரும் இடம் விடுதி. பிள்ளையின் முதல் சிகரட் பெரும்பாலும் கடையிலிருந்து வருவதில்லை. சிநேகிதனின் கையிலிருந்துதான் வருகிறது. "ஒன்றுதானே மச்சான், என்ன நடந்துவிடப் போகிறது?" என்ற ஒரு வார்த்தை போதும்.

"என் மகள் குடிக்கப் போவதில்லையே?"

பெண் பிள்ளைகளின் தாய்மார் இந்த இடத்தில் ஆறுதலடையக்கூடும். உண்மைதான். 2015 இல் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில் ஆண்களில் நாலில் ஒருவருக்கும் மேல் புகைப்பவர்களாக இருந்தார்கள். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் புகைக்காத பெண்ணைப் புகை விட்டுவிடுகிறதா?

ஜப்பானில் ஹிராயமா என்ற ஆய்வாளர் 91,540 பெண்களைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார். அவர்கள் எல்லோரும் மனைவிமார். ஒருவரும் சிகரட் தொடாதவர். 1981 இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைக்கும் வீட்டில் வாழ்ந்த பெண்களுக்கு, புகைக்காத கணவனோடு வாழ்ந்த பெண்களைவிடச் சுவாசப்பைப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. கணவன் எவ்வளவு கூடுதலாகப் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவியின் ஆபத்தும் கூடியது. உலகமே திடுக்கிட்டது. சிகரட் கம்பனிகள் இந்த முடிவை மறுக்கப் பெருமுயற்சி எடுத்தன. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை உறுதிப்படுத்தின. 2006 இல் வெளியான அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரியின் அறிக்கை, பிறர் விடும் புகையில் "இவ்வளவு சுவாசித்தால் ஆபத்தில்லை" என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை என்று முடிவாகச் சொன்னது. உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் இறப்பவர்கள் எழுபது இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காமலே பிறர் புகையைச் சுவாசித்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் மகள் சிகரட்டைத் தொடமாட்டாள் என்பது பாதி ஆறுதல் மட்டுமே. சிற்றுண்டிச்சாலை மேசையிலும், படிக்கட்டிலும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்திலும் அவள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறாள் என்பது மீதிப் பாதி. ஆஸ்துமா உள்ள பிள்ளையென்றால் சொல்லவே வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விடயத்தில் நம் நாடு பின்தங்கிய நாடல்ல. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தை இலங்கை 2003 நவம்பரிலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அதை முதலில் செய்த நாடு நம் நாடுதான். 2006 இல் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. அது 27ஆம் இலக்கச் சட்டம். அதன்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்கக் கூடாது. சிகரட்டுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. பொதுமக்கள் கூடும் மூடிய இடங்களில் புகைக்கக் கூடாது. 2015 முதல் சிகரட் பெட்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் எண்பது வீத இடத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை பிடித்துக்கொண்டது.

இங்கே உம்மாமார் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உள்ளன.

ஒன்று, 21 வயது என்ற எல்லை. முதலாம் வருடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்னும் 21 வயது நிரம்பாதவர்கள். வளாகத்துக்குள்ளேயோ வாசலிலோ உள்ள கடைக்காரர் அவர்களுக்கு ஒரு சிகரட்டை விற்றாலும் அது சட்டவிரோதம். "கெம்பஸ் பிள்ளைகள் பெரியவர்கள்தானே" என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாது.

இரண்டு, சட்டம் பேசுவது முக்கியமாக மூடிய இடங்களைப் பற்றி. விரிவுரை மண்டபத்துக்குள்ளே புகைப்பவர் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் என்பது மண்டபம் மட்டுமல்ல. மரநிழல், மைதானம், நடைபாதை, விடுதி முற்றம், சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே போட்டிருக்கும் வாங்கு எல்லாம் சேர்ந்ததே வளாகம். பிள்ளைகள் கூடிப் பேசுவதும் சிநேகம் பிடிப்பதும் அங்கேதான். முதல் சிகரட் கைமாறுவதும் அங்கேதான். அந்த இடைவெளியைச் சட்டத்தால் மட்டும் அடைக்க முடியாது. பல்கலைக்கழகமே முன்வந்து தன் விதியால்தான் அடைக்க வேண்டும். "புகையற்ற வளாகம்" என்பதன் பொருள் அதுதான். வாசலில் தொடங்கி மறுபக்க மதில்வரை, கட்டடத்தின் உள்ளும் வெளியும், மாணவர், விரிவுரையாளர், ஊழியர், விருந்தினர் என்ற வேறுபாடின்றி எவரும் புகைப்பதில்லை என்ற ஏற்பாடு.

செய்து பார்த்தவர்கள் கண்டதென்ன?

இது வெறும் கனவல்ல. அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வி வளாகங்கள் இப்படி மாறியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் அனுபவம் நமக்குப் பாடமாகும்.

இந்தியானா பல்கலைக்கழகம் 2008 ஜனவரியில் புகையிலையற்ற வளாகமாகியது. அதே மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகம் அப்போது அப்படியொரு விதியைக் கொண்டுவரவில்லை. ஆய்வாளர்கள் 2007 இலும் 2009 இலும் இரண்டு இடத்து மாணவர்களிடமும் விசாரித்தார்கள். இந்தியானாவில் புகைப்போர் 16.5 வீதத்திலிருந்து 12.8 வீதமாகக் குறைந்திருந்தார்கள். பர்டியூவில் 9.5 வீதம் 10.1 வீதமாகச் சற்றே கூடியிருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களை, இரண்டே ஆண்டுகளுக்குப் பார்த்த ஆய்வு இது. இதை மட்டும் வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லலாகாது. ஆனாலும் "குடிக்கிறவன் எங்கேயும் குடிப்பான்" என்ற நம் பேச்சுக்கு இது நல்ல பதில். இடம் மாறினால் பழக்கமும் மாறுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2009 ஏப்ரலில் அறிவித்த விதியை 2011 ஜூலை முதலாம் திகதிதான் நடைமுறைப்படுத்தியது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம்! நேற்று அறிவித்து இன்று தண்டம் அறவிடும் வேலை இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2014 ஜனவரியில் தன் எல்லா வளாகங்களிலும் சிகரட்டை மட்டுமன்றி, வாயில் அடக்கும் புகையிலையையும் இலத்திரனியல் சிகரட்டையும் சேர்த்தே தடுத்தது. இதுவும் கவனிக்கத்தக்கது. பழவாசனையும் இனிப்பு மணமும் பூசி வரும் அந்தக் கருவியில் சாம்பல் இல்லை, வீச்சமில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் அதே நிக்கொட்டின் இருக்கிறது. "இது சிகரட் இல்லை உம்மா" என்று பிள்ளை சொன்னால் உம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எழும் ஆட்சேபங்கள்

இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று ஆட்சேபங்கள் வரும். மூன்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது, "வளர்ந்த பிள்ளைகளின் சுதந்திரத்தில் தலையிடலாமா?" என்பது. நம் மார்க்கத்தில் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவு. ஆயினும் அவற்றைப் பச்சையாகத் தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஏன்? பள்ளிவாசல் எல்லோருக்கும் பொதுவான இடம். பக்கத்தில் நிற்பவர் சங்கடப்படக் கூடாது. வெறும் வாடைக்கே இந்த ஒழுங்கென்றால், வாடையோடு நோயையும் சுமந்து வரும் புகைக்கு என்ன சொல்வது? பொது இடத்துக்கு ஒரு விதி இருப்பதால் எவருடைய சுதந்திரமும் பறிபோய்விடுவதில்லை.

இரண்டாவது, "திறந்த வெளியில் புகை கலைந்து போய்விடுமே" என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. 2007 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிடங்களில் புகையை அளந்து பார்த்தார்கள். ஆறு அடிக்கு அப்பால் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஓரிரு அடிக்குள், ஒரே வாங்கில் அருகருகே இருப்பவர் சுவாசிக்கும் புகை வீட்டுக்குள் உள்ள அளவுக்கே ஏறக்கூடும் என்றும் கண்டார்கள். மாணவர்கள் ஆறு அடி தள்ளி நின்றா பேசுகிறார்கள்? அதோடு, புகையற்ற வளாகத்தின் முதல் நோக்கம் காற்று மட்டுமல்ல. ஒரு சிகரட்டும் கண்ணில் படாத இடத்தில் நாலு வருடம் வாழும் பிள்ளைக்கு, புகைக்காமல் இருப்பதுதான் இயல்பு என்ற எண்ணம் வேரூன்றும். அதுவே பெரிய இலாபம்.

மூன்றாவது, "எல்லோரும் வாசலுக்கு வெளியே போய் நின்று புகைப்பார்களே" என்பது. ஆம், இது உண்மையாகவே பல இடங்களில் நடந்திருக்கிறது. வளாகம் சுத்தமாகி வாசற்பாதை அசுத்தமானதாக அயலவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். அதனால்தான் விதி மட்டும் போதாது. விட நினைப்பவருக்கு வைத்திய உதவியும் ஆலோசனையும் வளாகத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். சுற்றியுள்ள கடைக்காரர்களும் ஒத்துழைக்க வேண்டும். நம் நாட்டிலேயே சில ஊர்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பேசிப் புரியவைத்ததால் கடைக்காரர்கள் தாமாகவே சிகரட் விற்பனையை நிறுத்தியிருக்கிறார்கள். ஊரில் முடிந்தது பல்கலைக்கழக வாசலில் முடியாதா?

"மக்ரூஹ்தானே ஹஸரத்?"

அறபுக் கல்லூரியில் படித்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமில்லை. புகைக்கும் மகனுக்காக உம்மாமாரே கேட்கிறார்கள்! "கிதாபுகளில் மக்ரூஹ் என்றுதானே இருக்கிறது?"

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பொருள். முஸ்லிம் நாடுகளுக்கு அது வந்து சேர்ந்தது ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டிய காலத்தில். அதற்கு முந்திய இமாம்கள் இதைப் பற்றிப் பேசியிருக்க வாய்ப்பில்லை. 17ஆம் நூற்றாண்டில் எகிப்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு மாலிகி மத்ஹப் அறிஞர்கள் இதில் எதிரெதிரே நின்றார்கள். இப்ராஹீம் அல்லகானி புகையிலையைக் கண்டித்து எழுதினார். அலி அல்உஜ்ஹூரி ஆகுமென்று எழுதினார். ஆனால் ஆகுமென்றவரும் எந்த அடிப்படையில் சொன்னார்? அது புத்தியை மயக்குவதில்லை, தீங்கு செய்யாதவருக்குத் தடையில்லை என்ற அடிப்படையில். ஆக, கருத்து வேற்றுமை முழுவதும் ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தீங்கு உண்டா, இல்லையா? அன்றைய வைத்தியத்தால் அதற்குத் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் 1950 இல் வந்தது. இலண்டன் வைத்தியசாலைகளில் டொல், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் சிகரட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1951 இல் பிரித்தானிய வைத்தியர்களையே ஆய்வுக்கு எடுத்து, அரை நூற்றாண்டு பின்தொடர்ந்தார்கள். சிகரட்டை விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முந்தி இறந்தார்கள் என்பது 2004 இல் வெளியான முடிவு. ஆணி கழன்ற பிறகு அதில் தொங்கியது மட்டும் எப்படி நிற்கும்? அதனால்தான் இக்காலத்து உலமாக்களில் பெரும்பகுதியினர் தடை என்ற பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். 1988 இல் உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக் கடற் பிராந்திய அலுவலகம், அஸ்ஹர் உலமாக்களின் கருத்துக்களை ஒரு சிறு நூலாகவே வெளியிட்டது. ஆகையால் பழைய கிதாபைக் காட்டி மகனுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

தொடங்கிவிட்ட பிள்ளைக்கு

"காலம் கடந்துவிட்டதே ஹஸரத், மகன் குடிக்கத் தொடங்கிவிட்டான்" என்று கண் கலங்கும் தாய்மாருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அது அதே பிரித்தானிய வைத்தியர்களின் ஆய்விலிருந்துதான் வருகிறது. முப்பது வயதளவில் விட்டவர்கள், இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் கிட்டத்தட்ட முழுமையாகத் திரும்பப் பெற்றார்கள். நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், அறுபதில் விட்டவரும்கூட மூன்றையும் பெற்றார்கள். இருபத்திரண்டு வயது மகனுக்கு இதைவிட வேறென்ன நற்செய்தி வேண்டும்? வாப்பாமாருக்கும் இதில் செய்தி இருக்கிறது!

விட்ட இருபது நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் கலந்த காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சாதாரண அளவுக்கு இறங்குகிறது. ஓராண்டில், புகையால் கூடியிருந்த இருதய நோய் ஆபத்து பாதியளவாகிறது. ரமழானில் நம் நாட்டில் பகல் முழுவதும் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நோன்பிருக்கிறோம். புகைக்கும் நோன்பாளியின் உடல் அந்த நச்சு வாயுவிலிருந்து நாள்தோறும் விடுபடுகிறது. நோன்பு திறந்த கையோடு அதை மீண்டும் ஏற்றிக்கொள்கிறார். "பகல் முழுக்க முடிந்தது மகன், இரவிலும் முடியும்" என்று அன்போடு சொல்ல உம்மாவுக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். விட முயலும் முதல் இரண்டு மூன்று நாட்கள் மிகக் கடுமையானவை. எரிச்சல், தூக்கமின்மை, தலையிடி, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். இரண்டு முதல் நாலு வாரத்தில் இவை படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் அவர் வீசும் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொள்வதும் ஒரு மருந்துதான். ஒருமுறை விட்டு, மீண்டும் விழுந்து, மூன்றாம் நாலாம் முறை வென்றவர்கள் ஏராளம். விழுந்த பிள்ளையை ஏசாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிக்கொட்டினைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் மருந்து முறைகள் இன்று உண்டு.

வீட்டிலிருந்து என்ன செய்யலாம்?

முதலில், நம் வீட்டை முதல் புகையற்ற வளாகமாக்குவோம். வாப்பா குசினி வாசலில் நின்று புகைத்துக்கொண்டே மகனுக்குப் புத்தி சொன்னால் அது எடுபடாது. புகைக்கும் விருந்தாளி வந்தால் சாம்பல் தட்டை எடுத்து வைக்கும் பழைய வழக்கத்தை விடுவோம். வீட்டில் குழந்தை இருந்தால் இது இன்னும் அவசியம். புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்குக் காது நோயும் மூச்சுத் திணறலும் கூடுதல் என்பது நிரூபணமான உண்மை.

அடுத்து, பிள்ளை பயணம் போகுமுன் மறுப்புச் சொல்லப் பழக்குவோம். சிகரட்டை நீட்டுபவன் எதிரியல்ல, சிநேகிதன். அவனிடம் மறுப்பதுதான் கஷ்டம். "எனக்கு ஒத்துக்கொள்ளாது மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு வசனம் கையில் இருந்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம் இருக்காது.

மூன்றாவது, தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாமல் இதையும் கேட்போம். விசாரணை செய்யும் குரலில் அல்ல. "மகன், உங்கட அறையில குடிக்கிறவங்க இருக்காங்களா? நான் ஏசுறதுக்குக் கேக்க இல்ல, தெரிஞ்சிக்கத்தான் கேக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை பொய் சொல்லும். பயமில்லாத பிள்ளை உண்மை சொல்லும்.

நாலாவது, பல்கலைக்கழகத்தையே கேட்போம். அனுமதிப் பதிவுக்கும் விடுதி அலுவலுக்கும் பெற்றோர் போகிறார்கள்தானே? அங்கே விடுதிப் பொறுப்பாளரிடம், "வளாகத்தில் புகைத்தலுக்கு என்ன விதி? சிற்றுண்டிச்சாலையில் சிகரட் விற்கிறார்களா? விட விரும்பும் பிள்ளைக்கு என்ன உதவி?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு தாய் கேட்டால் அது ஒரு கேள்வி. நூறு தாய்மார் கேட்டால் அது நிர்வாகத்தின் மேசையில் ஒரு கோவையாகிவிடும்.

ஐந்தாவது, பிள்ளைகளையே முன்னிறுத்துவோம். மாணவர் சங்கமும், முஸ்லிம் மஜ்லிஸும், பௌத்த, இந்து, கத்தோலிக்க மாணவர் அமைப்புகளும் கருத்து வேற்றுமையின்றிக் கைகோக்கக்கூடிய விடயங்கள் நம் நாட்டில் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. மேலிருந்து வந்த உத்தரவைவிட, "நம் வளாகத்தை நாமே காப்போம்" என்று மாணவர்களே எடுத்த முடிவுக்குத்தான் ஆயுள் அதிகம்.

சகோதரிகளே, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நாம் எத்தனை வருடம் விழித்திருந்தோம்! டியூஷன் காசுக்காக நகையை அடகு வைத்த தாய்மாரையும் நான் அறிவேன். அவ்வளவு பாடுபட்டு அனுப்பிய பிள்ளை, பட்டத்தோடு இருமலையும் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. அடுத்த வருடம் உங்கள் ஊரில் எந்தப் பிள்ளை கெம்பஸுக்குப் போனாலும், வாழ்த்தச் செல்லும்போது அவருடைய உம்மாவிடம் இந்த ஒரு கேள்வியையும் நினைவூட்டிவிட்டு வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் ஆரோக்கியத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.